பெட்டிக்குள் ஏழு பேர்

டொரொண்டோவின் ஸ்காபரோவில் ஜனவரி மாதத்து இரவு எட்டு மணிக்கு ஒருவர் அழைத்து, "தம்பி, ஒருக்கா வீட்டை வந்திட்டுப் போறீங்களே?" என்று கேட்டால், அது ஒன்றில் செத்தவீடு, இல்லையென்றால் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ். அக்காவின் குரலில் அழுகை இல்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு டோர்ச்சையும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா எனக்கு உறவில்லை, தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர். கணவர் போய் ஏழு வருடம். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, படிக்கிற மகன், பேஸ்மென்டில் வாடகைக்கு ஒரு இளம் குடும்பம். அந்த வாடகையும் அக்காவின் சம்பளமும் சேர்ந்தால் வீட்டுக் கடனுக்குச் சரியாக வரும், மிச்சம் வராது. வெளியே கழித்தல் 19 பாகை. உள்ளே 13. அக்கா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் சால்வை சுற்றி, அடுப்படி மேசையில் ஒரு பளபளப்பான தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துப் போச்சுதாம் தம்பி. பின்னேரம் வந்த பெடியன் சொல்லிப்போட்டுப் போறான். புதுசு போட வேணுமாம், வாடகைக்குத் தருவினமாம். கையெழுத்து வைச்சா இண்டைக்கு இரவே பூட்டலாமாம்."

"வைச்சிட்டீங்களே?"

"இல்லை. கை விறைச்சுப் போச்சு" என்று சிரித்தார். "இருங்கோ, முதல்ல தேத்தண்ணி போடுறன்."

நான் உரிமம் உள்ள ஆள் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆறு வருடம் ஒரு ஹீட்டிங் வானில் சாமான் தூக்கினேன். அப்போது பார்த்துப் பழகியதுதான் என் படிப்பு. அந்த வேலையில் தெரிந்துகொண்ட முதல் விஷயம், பழைய ஃபேர்னஸ் திடீரென்று சாவது மிகக் குறைவு என்பது. அநேகமாக அது வேலை செய்ய மறுத்துக்கொண்டு நிற்கும். எந்த இடத்தில் மறுக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே அக்காவுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் குளிர் எவ்வளவு என்பது மட்டும். வீடு குளிர்ந்ததும் மெல்லிய கம்பி வழியாக 24 வோல்ட்டில் கீழே ஒரு சொல் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். மற்றதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் ஏழு பேரின் வேலை. ஒருவர் "சரி" சொல்லாமல் அடுத்தவர் கை அசைக்க மாட்டார்.

முதலில் ஒரு சின்ன விசிறி ஓடும். எரிந்த புகையைப் புகைபோக்கிக்கு இழுத்து விடுவது அதன் வேலை. அது உண்மையிலேயே இழுக்கிறதா என்று உறுதி சொல்வது இரண்டாமவர், அழுத்த சுவிட்ச். இழுவை இல்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது, புகை வீட்டுக்குள் வரக்கூடாது அல்லவா? இழுவை இருந்தால் மூன்றாமவர், தீமூட்டி, செம்மஞ்சளாகத் தணல்போலக் காயும். பழைய காலத்துப் பைலட் சுடர் இருந்த இடத்துக்கு வந்தவர் இவர். நாலாமவர் எரிவாயு வால்வு. அது திறந்ததும் நெருப்பு பற்றும்.

ஐந்தாமவர் ஒரு சின்னக் கம்பி. நெருப்புக்குள் நின்றுகொண்டு, "ஓம், எரியுது" என்று சாட்சி சொல்கிறவர். சுடர் வழியாக மின்சாரம் கொஞ்சம் கடக்கும். கொஞ்சம் என்றால் ஒரு ஆம்பியரின் பத்து இலட்சத்தில் சில பங்கு. அந்தச் சாட்சி சில விநாடிக்குள் கிடைக்காவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். எரியாத வாயு வீட்டை நிரப்பாமல் இருக்க வேறு வழியில்லை. ஆறாமவர் பெரிய விசிறி, சூடான காற்றை அறை அறையாகத் தள்ளுகிறவர். ஏழாமவர் மேற்பார்வை. உள்ளே அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் எல்லாரையும் நிறுத்திவிடுவார். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று போகாவிட்டால் அநேகமாக இவர்தான் கோபிப்பார்.

"அப்ப எங்கட வீட்டில ஆர் கோபம்?" என்றார் அக்கா.

கீழே போனோம். பேஸ்மென்ட் குடும்பத்துக் குழந்தை தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தது. நான் முதலில் பார்த்தது ஃபேர்னஸை அல்ல, படிக்கட்டுச் சுவரில் இருக்கும் ஒரு சுவிட்சை. பார்க்க லைட் சுவிட்ச் மாதிரியே இருக்கும், அதுதான் ஃபேர்னஸின் மின்சாரம். படியேறும்போது யாரோ லைட் என்று நினைத்து அணைத்துவிட்டுப் போக, வீடு விறைத்து, தொழில்நுட்பர் வந்து அதைத் தட்டிவிட்டு வருகைக் கட்டணம் வாங்கிக்கொண்டு போன வீடுகளை எண்ண என் பத்து விரல் போதாது. இங்கே சுவிட்ச் போட்டபடிதான் இருந்தது. பிரேக்கரும் விழவில்லை. தெர்மோஸ்டாட்டின் பற்றரி மாற்றி ஒரு மாதம்தான். ஃபில்டரை இழுத்தேன், பூனைத்தோல் மாதிரி வந்தது. "இதை எப்ப மாத்தினது?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. மகன் கடைக்கு ஓடினான்.

புது ஃபில்டர் போட்டும் தீரவில்லை. கண்ணாடித் துவாரத்தால் பார்த்தோம். சின்ன விசிறி ஓடியது. தீமூட்டி காய்ந்தது. நெருப்பு நீலமாக, அழகாகப் பற்றியது. அக்கா "ஐயோ வந்திட்டுது" என்று கை தட்டி முடிக்க முன்னம் அணைந்தது. மறுபடி பற்றியது, அணைந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு பெட்டி மௌனமாகிவிட்டது. உள்ளே ஒரு சின்ன விளக்கு மட்டும் கணக்கு வைத்து மினுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை மினுக்கத்துக்கு என்ன பொருள் என்பது மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். டோர்ச் அடித்து மகன் வாசித்தான்: சுடர் தெரியவில்லை.

எங்கள் கண்ணுக்குத் தெரிந்த சுடர் ஐந்தாமவருக்குத் தெரியவில்லை. கம்பியில் படலம் பிடித்திருந்தால் இப்படித்தான் நடக்கும். நெருப்பு இருக்கும், சாட்சி இருக்காது.

எனக்குக் கை துருதுருத்தது உண்மை. ஆனால் ஒன்டாரியோ மாகாணத்தில் எரிவாயுக் கருவிகளைத் திருத்துவதற்கு டி.எஸ்.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யக்கூடியவை சுவிட்ச், பிரேக்கர், பற்றரி, ஃபில்டர். இவற்றோடு, வெளிச்சுவரில் வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் புதிய வகை ஃபேர்னஸ் என்றால் குழாய் வாயில் பனி மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு அப்பால் நெருப்புக்குப் பக்கத்தில் கை வைக்கிற வேலை. அங்கே நான் கையை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த உரிமக்காரர் விடியத்தான் வருவேன் என்றார். இரவிலேயே வேறு ஒருவரை அழைத்தால் கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அக்காவைப் பார்த்தேன். "விடியட்டும்" என்றார்.

அப்படியானால் ஒரு இரவைக் கடக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் பிழை விடுவது. காஸ் அடுப்பின் அவனைத் திறந்து வைத்துக்கொண்டு அதைச் சுற்றி இருப்பது, பார்பிக்யூ கரியை உள்ளே கொண்டுவருவது. 2013 டிசம்பரில் டொரொண்டோவில் பனிப்புயலால் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனபோது, வீட்டுக்குள் கரி மூட்டிக் காபன் மொனொக்சைட் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் சத்தியும் வரும், சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். 2008இல் வூட்ஸ்ரொக் என்ற ஊரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் அடைபட்ட புகைபோக்கியால் இப்படிப் போனார்கள். அவர்கள் பெயரில்தான் 2013இல் இந்த மாகாணத்தில் சட்டம் வந்து, படுக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. அக்கா வீட்டில் கருவி மேலே இருந்தது, பேஸ்மென்டில் இல்லை. வாடகைக்கு இருப்பவர்களும் தூங்குகிறவர்கள்தானே என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். மகன் இரண்டாம் தரமும் கடைக்குப் போனான்.

என் வீட்டிலிருந்து ஒரு மின் ஹீட்டர் கொண்டுவந்தேன், அவர்களிடமும் ஒன்று இருந்தது. ஒவ்வொன்றும் 1500 வாட். இங்கத்தைய சாதாரண சுற்று 15 ஆம்பியர், 120 வோல்ட், அதாவது உச்சமாக 1800 வாட். ஆகவே ஒரு சுற்றில் ஒன்றுதான். அதையும் சுவரிலேயே செருக வேண்டும், நீட்டு வயரில் போட்டால் வயர் உருகலாம். முழு வீட்டையும் சூடாக்க நினைக்காமல் ஒரு அறையைத் தெரிந்து, கதவடியில் துவாய் சுருட்டி வைத்து, யன்னலில் பழைய போர்வை தொங்கவிட்டு, அக்காவும் மகனும் அங்கே. கீழே குழந்தை உள்ள அறையில் மற்ற ஹீட்டர். கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் மூன்று அடி தூரத்தில்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். மனிதன் போர்வைக்குள் சமாளிப்பான், வெளிச்சுவருக்குள் ஓடும் குழாய் சமாளிக்காது. உறைந்து வெடித்தால் ஃபேர்னஸை விடப் பெரிய செலவு. சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள கதவுகளைத் திறந்து வைத்து, குழாயை நூல்போல ஒழுக விட்டோம். தண்ணீரை முழுதாக நிறுத்தும் வால்வு எங்கே என்று அக்காவுக்குக் காட்டினேன். பதினெட்டு வருடம் அந்த வீட்டில் இருக்கிறார், அதை அன்றுதான் பார்த்தார்.

இரண்டாம் தேநீரோடு அந்தப் பளபளப்புத் தாளுக்கு வந்தோம்.

மாதம் 129 டொலர், பத்து வருடம். பெடியன் 129ஐ மட்டும்தான் வட்டம் போட்டுக் காட்டியிருந்தான். மகன் ஃபோனில் பெருக்கினான்: 15,480. இடையில் வீட்டை விற்றால் ஒப்பந்தத்தைக் காசு கட்டி முடித்துவிட வேண்டும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. "இது ஆபத்து எண்டு சொன்னவனே?" என்று கேட்டேன். "ஓம், வெடிக்கும் எண்டான்." "சிவப்புத் துண்டு ஏதும் கட்டினவனே?" இல்லை.

உரிமம் உள்ளவர் ஆபத்தைக் கண்டால் சிவப்பு அட்டை கட்டியே ஆக வேண்டும். உடனடி ஆபத்தென்றால் வாயுவை அந்த இடத்திலேயே நிறுத்துவார், அவ்வளவு இல்லையென்றால் திருத்தத் தவணை கொடுப்பார். வெடிக்கும் என்று சொல்லிவிட்டு அட்டை கட்டாமல் போகிறவர் தொழில்நுட்பர் இல்லை, விற்பனையாளர்.

இந்த வியாபாரம் பழையது. ஃபேர்னஸ் போன்றவற்றைக் கேளாமல் கதவு தட்டி விற்பதை ஒன்டாரியோ 2018 மார்ச்சில் தடை செய்தது. அதன் பிறகு தொலைபேசியும் துண்டுப்பிரசுரமும் வந்தன, அவர்களை வீட்டுக்கு அழைப்பவர் நாங்கள் என்று ஆகிவிட்டது. இதைவிட மோசம், வாடகைக் கருவியைக் காட்டி வீட்டின் உறுதியிலேயே ஒரு பதிவை ஏற்றி வைப்பது. விற்கப் போகும்போதுதான் தெரியவரும், நீக்க ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். வயது போனவர்கள் நிறையப் பேர் இதில் அகப்பட்டார்கள். வீட்டுப் பாவனைச் சாமான்களுக்கு அப்படிப் பதிவதை 2024 ஜூனில் சட்டம் நிறுத்தியது. வீட்டில் வைத்து இப்படிக் கையெழுத்திட்டுவிட்டவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு: 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை நீக்கலாம். எழுத்தில் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா வாடகையும் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 13 பாகை அடுப்படியில், விறைத்த கையோடு கையெழுத்திட்டு நல்ல விலைக்கு வாங்கிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

ஃபேர்னஸ் உண்மையாகவே சாகிற இடம் ஒன்று இருக்கிறது. நெருப்பையும் வீட்டுக் காற்றையும் பிரித்து நிற்கும் உலோகச் சுவர், வெப்பமாற்றி, விரிசல் விட்டால் புகை மூச்சுக்காற்றில் கலக்கும். அதற்குப் பிறகு பழசைக் கட்டி இழுக்கக் கூடாது. அந்த நிலை வந்தாலும் வெறும் கையோடு நிற்கத் தேவையில்லை. 211க்கு அழைத்துத் தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைத்து, வருமானத்துக்கு ஏற்ற உதவித் திட்டங்களைத் தேடித் தருவார்கள். பில் பாக்கி உள்ளவர்களுக்கு எரிசக்தி அவசர உதவி தனியாக இருக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கோ இந்தத் தலையிடியே இல்லை. டொரொண்டோவில் குளிர்காலத்தில் 21 பாகையாவது கொடுப்பது வீட்டுக்காரர் கடமை, 311க்கு அழைக்கலாம். "அப்ப கீழ இருக்கிற பிள்ளையள் எனக்கு எதிராவும் அழைக்கலாமோ?" என்றார் அக்கா. அழைக்கலாம் என்றேன். சால்வையை இறுக்கிக்கொண்டு, ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணியோடு கீழே போனார்.

காலை ஏழரைக்கு உரிமக்காரர் வந்தார். ஒரு திருகாணி கழற்றி, பென்சில் அளவுக் கம்பியை வெளியே எடுத்து, இரும்புப் பஞ்சால் தேய்த்துத் திரும்பப் பூட்டினார். பிறகு வெப்பமாற்றியை நேரம் எடுத்துப் பார்த்தார், காற்றில் காபன் மொனொக்சைட் அளந்தார். அட்டை எதுவும் கட்டவில்லை. 160 டொலர். அறைக் கதவடித் துவாய் கொஞ்சம் அசைந்தது, வெதுவெதுப்பு வந்தது.

"இன்னும் எத்தனை வருசம் தாங்கும்?" என்று அக்கா கேட்டார். இருபத்தைந்து வயது தாண்டிய பெட்டி, ஒரு குளிர்காலமும் தாங்கலாம், ஐந்தும் தாங்கலாம் என்றார் அவர். புதிது எப்போதோ வாங்கத்தான் வேண்டும். மே மாதத்தில் மூன்று பேரிடம் விலை கேட்கலாம்; அப்போது யாருக்கும் அவசரம் இல்லை, அவர்களுக்கும் வேலை குறைவு.

அக்கா சுவரில் தொங்கிய தமிழ்க்கடைக் கலண்டரில் மே மாதத் தாளைப் புரட்டினார். ஒரு சனிக்கிழமையில் பேனையை வைத்தவர், நிறுத்தி, கீழே இருந்த சின்ன எழுத்தை வாசித்தார்.

"அட்டமி" என்று சொல்லி, அடுத்த கிழமைக்குத் தள்ளி எழுதினார்.