உழைப்பும் உரிமையும் – 9: பிள்ளைப்பேறு ஒன்று, கணக்கு மூன்று

களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் ஒரே நாளில் மூன்று பேருக்குப் பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பிரதேச செயலக உத்தியோகத்தர். மற்றவர் பிரதான வீதிப் புடவைக் கடையில் வேலை செய்பவர். மூன்றாமவர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர். மூவருக்கும் பேறுகால விடுமுறை 84 நாள். ஆனால் அந்த 84ஐ எண்ணுகிற விதம் ஒன்றல்ல.

உத்தியோகத்தருக்குத் தாபனக் கோவை. சனி, ஞாயிறு, அரச விடுமுறைகளைக் கழித்து 84 வேலை நாள், முழுச் சம்பளத்துடன். அதுவே ஏறத்தாழ நான்கு மாதம். வேண்டுமானால் பின்னால் 84 நாள் அரைச் சம்பளத்திலும், இன்னும் 84 நாள் சம்பளமில்லாமலும் நிற்கலாம். கடைக்காரப் பெண்ணுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். வார விடுமுறையும் போயாவும் கணக்கில் வராது, சம்பளம் முழுசு.

தொழிற்சாலைப் பெண்ணுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். பேற்றுக்கு முன் இரண்டு வாரம், பின் பத்து வாரம். ஞாயிறும் போயாவும் அதற்குள்ளேயே கரைந்துவிடும். சம்பளத்திலும் ஏழில் ஆறு பங்குதான் கட்டாயம். மாதம் 35,000 ரூபாய் எடுப்பவருக்கு 30,000. பன்னிரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட 14,000 ரூபாய் குறையும், செலவு கூடுகிற நேரம் பார்த்து. முதலாளி மனம் வைத்துக் கூடக் கொடுத்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. இன்னொன்று: முந்திய ஒரு வருடத்தில் 150 நாளாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். சம்பளச் சிட்டையை எறிந்துவிடாதீர்கள், பிள்ளைகளே.

மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள்தான் என்றிருந்த பாகுபாட்டை 2018இல் நீக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் தனியார் துறையில் பணம் யாருடைய பையிலிருந்து போகிறது என்பது மாறவில்லை. முழுவதும் முதலாளி தலையில்தான். கலிபோர்னியாவில் 2004 முதல் தொழிலாளரின் சம்பளத்தில் சிறு தொகை பிடித்து, அரச நிதியத்திலிருந்து கொடுப்பனவு தருகிறார்கள். இங்கே அப்படியொரு பொது நிதியம் இல்லை. நாலு பேரை வைத்துக் கடை நடத்துகிறவர் என்ன யோசிப்பார்? நேர்முகத்தில் “கலியாணம் முடிச்சாச்சா தங்கச்சி?” என்று கேட்பார். அந்தக் கேள்வியில் இருப்பது அக்கறை அல்ல, கணக்கு.

குருமண்வெளியில் படகுப் பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் போனால் இந்த மூன்று கணக்கிலும் சேராத பெண்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். வயலில் நாட்கூலி, வீட்டிலிருந்து தையல். இடைக்கிடை வேலைக்குப் போகிறவரைக் கட்டளைச் சட்டம் தொழிலாளியாகவே எடுப்பதில்லை. 2015இல் கர்ப்பிணிகளுக்கென்று தொடங்கிய போஷாக்குக் கொடுப்பனவு, பத்து மாதத்துக்கு மாதம் 2,000 ரூபாய் என்ற கணக்கில் வந்தது. அது சாப்பாட்டுக்கு. இழந்த கூலிக்கு ஈடாக எதுவுமில்லை.

அடுத்த வாரம்: அரச ஊழியரான அப்பாவுக்கு மூன்று நாள், மற்ற அப்பாமாருக்கு?