கேளாமல் அடுக்கும் கை



நம் வீடுகளில் நடக்கும் ஒரு காட்சியை நாம் எல்லாரும் கண்டிருப்போம். தாத்தா தம் மூக்குக் கண்ணாடியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கைகழுவப் போகிறார். வீட்டைக் கூட்ட வந்த பேத்தி அதை எடுத்து அலமாரியில் பத்திரமாக வைத்துவிடுகிறாள். தாத்தா திரும்பி வந்து மேசையைத் தடவுகிறார், கண்ணாடியைக் காணோம். வீட்டில் ஒரே கூச்சல். பேத்தி செய்தது நல்ல காரியந்தான். ஆனால் கேளாமல் செய்தாள். குறை அவ்வளவே.

இதே கதை கணினிக்குள்ளும் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் நிரல் எழுதப் பயில்கின்றனர். கணினி என்ன செய்யவேண்டும் என்பதை வரி வரியாக எழுதிக் கொடுப்பதே நிரல். அதை எழுதுவதற்கென்று உள்ள மென்பொருளுக்கு எடிட்டர் என்று பெயர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டரைப் பிள்ளைகள் பலர் பயன்படுத்துகின்றனர். அதற்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை.

ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். மகள், அம்மாவின் சம்பளக் கணக்கையே ஒரு நிரலாக எழுதுகிறாள். எந்த நாள், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, இடைவெளி விட்டு, கண்ணுக்கு நேராகப் பத்தி பத்தியாக அடுக்குகிறாள். சேமிக்கும் விசையை அழுத்துகிறாள். மறுகணம் பத்திகள் சிதைந்துபோகின்றன. இடைவெளிகள் சுருங்கிவிட்டன. ஒற்றை மேற்கோள் குறிகள் இரட்டையாகிவிட்டன. மீண்டும் அடுக்குகிறாள், மீண்டும் சேமிக்கிறாள், மீண்டும் அதே கதி.

அது நான்கு மாணவர் சேர்ந்து செய்யும் பாடவேலை. அவள் திருத்தியது ஒரே ஒரு வரி. ஆனால் மற்றவர்கள் திறந்து பார்க்கும்போது கோப்பு முழுவதும் மாறியதாகக் கணினி காட்டுகிறது. "எங்கள் வேலையை எல்லாம் ஏன் கலைத்தாய்?" என்று கேட்கிறார்கள். அவளோ தன் கைதான் தவறு செய்ததோ என்று மயங்குகிறாள். அம்மா, கணினி கெட்டுவிட்டதோ, கடைக்குத் தூக்கிச் செல்லவேண்டுமோ, அதற்கு எவ்வளவு கேட்பார்களோ என்று கவலைப்படுகிறார்.

நேயர்களே, கணினி கெடவில்லை. பிள்ளையும் தவறு செய்யவில்லை. யாரோ இட்ட கட்டளையை எடிட்டர் நிறைவேற்றுகிறது. அந்தக் கட்டளை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் முதலுதவி. கலைந்தவுடனே கண்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். பிறகு வழக்கம்போலச் சேமித்தால் மறுபடியும் கலையும். ஆகவே கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தவேண்டும். மேலே ஒரு கட்டம் திறக்கும். அதில் 'சேவ் விதவுட் ஃபார்மேட்டிங்' என்று எழுதித் தேர்ந்தெடுத்தால், எதையும் அடுக்காமல் அப்படியே சேமிக்கும். அன்றைய வேலை பிழைத்தது. இனி நிதானமாக நோயைத் தேடலாம்.

இரண்டாவது, எப்போது கலைகிறது என்று கவனிக்கவேண்டும். சேமிக்கும்போதா? வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போதா? தட்டிக்கொண்டிருக்கும்போதேயா? இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் கட்டளைகள் உண்டு. அவை 'ஃபார்மேட் ஆன் சேவ்', 'ஃபார்மேட் ஆன் பேஸ்ட்', 'ஃபார்மேட் ஆன் டைப்' என்பன. கண்ட்ரோல் விசையோடு காற்புள்ளி விசையை அழுத்தினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே இப்பெயர்களைத் தேடி, எது இயங்குகிறது என்று பார்த்து, அதன் அடையாளத்தை எடுத்துவிடலாம். பெரும்பாலும் இதிலேயே காரியம் முடிந்துவிடும்.

அடையாளத்தை எடுத்த பிறகும் கலைகிறதே என்று சிலர் சொல்வார்கள். இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

தோட்டத்து நடைமுறையை எண்ணிப் பாருங்கள். தோட்டம் முழுவதற்கும் பெரிய துரை ஒரு கட்டளை இடுகிறார். ஒரு டிவிஷனுக்கு மட்டும் வேறு கட்டளை இருந்தால் அந்த டிவிஷனில் அதுதான் செல்லும். எடிட்டரிலும் அப்படியே. 'யூசர்' என்ற பகுதியில் உள்ளது நம் கணினி முழுவதற்குமான கட்டளை. 'வொர்க்ஸ்பேஸ்' என்ற பகுதியில் உள்ளது அந்த ஒரு பாடவேலைக்கு மட்டுமான கட்டளை. இரண்டும் முரண்பட்டால் பாடவேலையின் கட்டளையே வெல்லும். அது பாடவேலைக் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் '.விஎஸ்கோட்' என்ற சிறு உறையில், 'செட்டிங்ஸ்.ஜேசன்' என்னும் கோப்பில் உட்கார்ந்திருக்கும். நண்பர் அனுப்பிய கோப்புறையோடு அவருடைய கட்டளையும் நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இவ்விரண்டையும்விட வலியது ஒன்று உண்டு. அதுதான் ஒரு நிரல்மொழிக்கென்று தனியே இட்ட கட்டளை. பொதுக் கட்டளை எந்த இடத்தில் இருந்தாலும், மொழிக்குரிய கட்டளைதான் முந்தும். சான்றாக, 'கோ' என்ற நிரல்மொழிக்கான துணைக்கருவியை நிறுவினால், சேமிக்கும்போது அடுக்கும் பழக்கத்தை அது தன்னுடனேயே கொண்டுவருகிறது. பொதுவான அடையாளத்தை எத்தனை முறை எடுத்தாலும் பயனில்லை. அந்த மொழியின் பெயரைத் தலைப்பாக இட்டு, அதன்கீழ் 'வேண்டா' என்று எழுதினால்தான் நிற்கும்.

மூன்றாவது, அடுக்குவது யார் என்று அறியவேண்டும். எடிட்டரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் துணைக்கருவிகளே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோரிடையே பெயர்பெற்றது 2017இல் வெளிவந்த பிரிட்டியர் என்னும் கருவி. ஒரு வரி 80 எழுத்துக்குள் அடங்கவேண்டும், உள்தள்ளல் இரண்டு இடைவெளி, மேற்கோள் இரட்டைக்குறி என்பன அதன் வழக்கமான விதிகள். 80 என்ற அளவுக்கும் ஒரு பழங்கதை உண்டு. 1928இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த துளையிட்ட அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டை மறைந்தது; அளவு நிலைத்துவிட்டது.

கோப்பின்மேல் வலப்பக்கச் சுட்டியை அழுத்தி, 'ஃபார்மேட் டாக்குமென்ட் வித்' என்பதைத் தேர்ந்தால், அந்த மொழிக்கு எந்தெந்தக் கருவிகள் இருக்கின்றன, எது தலைமை வகிக்கிறது என்று பட்டியல் காட்டும். குற்றவாளியின் பெயர் அங்கே தெரிந்துவிடும்.

அடுக்கும் கருவிகளை எல்லாம் நிறுத்திய பிறகும் எழுதிய வரி மறைந்துபோவதுண்டு. 'கோட் ஆக்‌ஷன்ஸ் ஆன் சேவ்' என்பது வேறொரு கட்டளை. ஜாவாஸ்கிரிப்டில் இது இறக்குமதி வரிகளை ஒழுங்குபடுத்துமாறு அமைந்திருந்தால், இன்னும் பயன்படுத்தாத வரியைத் தேவையற்றது என்று கருதி நீக்கிவிடும். பிள்ளையோ அடுத்த வரியில் அதைப் பயன்படுத்த எண்ணியிருப்பாள். இன்னொன்று, வரிமுடிவில் உள்ள வெற்றிடங்களை வெட்டும் 'ட்ரிம் டிரெய்லிங் வைட்ஸ்பேஸ்'. பல மொழிகளில் இதனால் தீங்கில்லை. ஆனால் மார்க்டவுன் என்ற எழுத்துமுறையில், வரிமுடிவில் இரண்டு இடைவெளி விட்டால் 'இங்கே வரியை முறி' என்று பொருள். அதை வெட்டினால் தனித்தனி வரிகளாக எழுதிய முகவரி ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும்.

எதிலும் பிடிபடவில்லையானால் கடைசி வழி ஒன்று உண்டு. நீண்ட தண்ணீர்க்குழாயில் எங்கே ஒழுக்கு என்று தெரியாவிட்டால், நடுவில் அடைத்து எந்தப் பாதியில் குறை என்று பார்ப்போம் அல்லவா? எடிட்டரும் அப்படிச் செய்யும். முன்சொன்ன கட்டத்தில் 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று எழுதினால், துணைக்கருவிகளில் பாதியை நிறுத்திவிட்டு, "குறை தீர்ந்ததா?" என்று கேட்கும். நம் விடைக்கேற்ப மீண்டும் பாதியாக்கும். 32 கருவிகள் இருந்தாலும் ஏறக்குறைய ஐந்து சுற்றுகளில் ஒன்று மட்டும் மிஞ்சும்.

காரணத்தைக் கண்டுவிட்டோம். இனி அதை அடியோடு நிறுத்திவிடலாமா? சற்றே பொறுங்கள். பலர் சேர்ந்து எழுதும் இடத்தில் ஒரே ஒழுங்கு இருப்பது நன்மைதான். பிரிட்டியர் போன்ற கருவி நிரலின் பொருளை மாற்றுவதில்லை. தோற்றத்தை மட்டுமே மாற்றும். நால்வரும் ஒரே விதியை ஏற்றுக்கொண்டால், யார் சேமித்தாலும் கோப்பு ஒன்றுபோலவே இருக்கும், சண்டைக்கு இடமிராது. ஒருவர் வீட்டில் ஒரு விதி, மற்றவர் வீட்டில் வேறு விதி என்று இருப்பதுதான் துன்பத்தின் வேர். ஆகவே நால்வரும் கலந்து பேசி, விதியைப் பாடவேலைக் கோப்புறையிலேயே எழுதிவைப்பது நல்லது. பழைய கோப்புகளைப் புது விதிப்படி அடுக்குவதாயின், அந்த வேலையைத் தனியாக ஒருமுறை செய்து முடிக்கவேண்டும். உண்மையான திருத்தத்தோடு அதைக் கலக்கக்கூடாது.

அப்படியானால் அந்த மாணவி பாடுபட்டு அடுக்கிய சம்பளப் பட்டியல்? அதற்கும் வழி இருக்கிறது. பட்டியலுக்கு மேல்வரியில் இரண்டு சாய்கோடுகள் இட்டு 'பிரிட்டியர் இக்னோர்' என்ற குறிப்பை ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், இரு சொற்களுக்கும் இடையே சிறுகோடு வைத்து எழுதினால் போதும். அந்தக் கருவி, அதை அடுத்துவரும் பகுதியை மட்டும் தொடாது. மற்றவற்றை வழக்கம்போல ஒழுங்கு செய்யும். தாத்தாவின் கண்ணாடியை மட்டும் தொடாதே, மற்றதையெல்லாம் கூட்டிவை என்று பேத்தியிடம் சொல்வது போன்றது இது.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நிரல்மொழி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளை கலங்கி உட்கார்ந்திருக்கும்போது, "எப்போது கலைகிறது? யார் கலைக்கிறார்? அந்தக் கட்டளை எங்கே எழுதியிருக்கிறது?" என்ற மூன்று கேள்விகளை நீங்களும் கேட்கலாம். அவற்றுக்கு விடை தேடத் தொடங்கும்போதே, தன் கையே தவறு செய்தது என்ற அச்சம் பிள்ளைக்குப் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதியை அமைப்புப் பக்கம் தீர்த்துவைக்கும்.