மாட்டுக்கு போட்ட வலி ஊசி கழுகை கொன்றது எப்படி? மாயாறு காட்டில் மிஞ்சியிருக்கும் பிணந்தின்னி கழுகுகள்

மசினகுடி:

நீலகிரி மாவட்டம் மசினகுடி, மாயாறு பகுதியில் மாடு செத்தால் முன்பெல்லாம் யாரும் குழி தோண்ட மாட்டார்கள். காட்டு ஓரமாக இழுத்து போட்டு விட்டு வந்தால் போதும். கூட்டமாக வரும் பிணந்தின்னி கழுகுகள் எலும்பை மட்டும் விட்டு விட்டு போகும். பாறு என்றும் இவற்றை சொல்வார்கள்.

நாடு முழுவதும் லட்சக்கணக்கில் பறந்த இந்த கழுகுகள் 1990-களில் மளமளவென்று செத்து விழுந்தன. வெண்முதுகு பாறு இனத்தில் 1992-க்கும் 2007-க்கும் இடையே 100-ல் 99-க்கும் மேல் காலி.

முதலில் ஏதோ வைரஸ் நோய் என்றுதான் சந்தேகப்பட்டார்கள். பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் அமெரிக்க கால்நடை டாக்டர் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் செத்த கழுகுகளை பிரேத பரிசோதனை செய்தனர். குடல், கல்லீரல் மேல் எல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி விட்டது. ஆனால் கிருமியும் இல்லை, பூச்சி மருந்து விஷமும் இல்லை.

மாட்டு மருந்தில் சிக்கியது

அப்புறம்தான் கழுகின் சாப்பாடு மீது சந்தேகம் திரும்பியது. மாட்டுக்கு என்னென்ன மருந்து போடுகிறார்கள் என்று மருந்து கடைகளில் விசாரித்தார்கள். சிக்கியது டைக்ளோபினாக் என்ற வலி ஊசி. சிறுநீரகம் கெட்டு செத்த 25 கழுகுகளிலும் இந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 கழுகுகளில் ஒன்றில் கூட இல்லை. 2004-ல் இந்த ஆய்வு வெளியானது.

ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதை கழுகு தின்றால் கதை முடிந்தது. ஒரே மாட்டை பெருங்கூட்டமே தின்பதால் 100 மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தாலே இனம் அழிய போதும் என்கிறது கணக்கு. கழுகு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். செத்ததை ஈடுகட்டுவது லேசில்லை.

2006-ல் மாட்டுக்கான டைக்ளோபினாக்குக்கு மத்திய அரசு தடை போட்டது. ஆனாலும் மனுஷனுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்கு போடுவது நிற்கவில்லை. இதனால் 2015-ல் மனிதர்களுக்கான ஊசியையும் 3 மில்லி சிறு பாட்டிலில் மட்டுமே விற்க உத்தரவு வந்தது. ஒரு மாட்டுக்கு ஐந்தாறு பாட்டில் உடைக்க வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்? கீட்டோபுரோபென், அசிக்குளோபினாக் மருந்துகளுக்கு 2023-ல் தடை விழுந்தது.

மாடு வளர்ப்பவர்கள் பயப்பட தேவையில்லை. மெலாக்சிகாம் ஊசி அதே வலிக்கு கேட்கும், கழுகுக்கும் ஒன்றும் ஆகாது. வளர்ப்பு கழுகுகளுக்கே கொடுத்து சோதித்து பார்த்து விட்டார்கள். "மாடு நொண்டுது, ஒரு ஊசி குடுங்க" என்று கடையில் கேட்பதற்கு பதில், மருந்து பேரை சொல்லி கேட்டு வாங்கலாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாட்டை புலி அடித்து விட்டால் ஆத்திரத்தில் சிலர் மிச்ச உடம்பில் விஷம் தடவுகிறார்கள். புலி திரும்பி வருகிறதோ இல்லையோ, முதலில் இறங்குவது கழுகுதான். மாயாறு ஓரத்து நீர்மத்தி மரங்களில் கூடு கட்டி குஞ்சு வளர்ப்பதும் அவைதான்.