சிறுநீரகப் புற்றுநோய் பரவும் வழி

மனித உடலில் தோன்றும் கட்டிகள் யாவும் உயிரைக் கவர்வன அல்ல. தோன்றிய இடத்திலேயே தங்கி வளரும் கட்டியைப் பெரும்பாலும் சத்திரசிகிச்சையாற் களைந்துவிடலாம். இடம் பெயர்ந்து பிற உறுப்புகளிற் குடியேறும் வல்லமையே புற்றுநோயைக் கொடியதாக்குகின்றது. அக்குடியேற்றம் எவ்வாறு நிகழ்கின்றதென்பதைச் சிறுநீரகப் புற்றுநோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் கைமுட்டியளவினதே. ஆயினும் நாம் ஓய்ந்திருக்கும்போது இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கு இவ்விரண்டினூடாகவும் பாய்கின்றது. இங்கு தோன்றும் புற்றுநோய்களுட் பெரும்பாலானது தெளிகலப் புற்றாகும். நுணுக்குக்காட்டியில் நோக்குமிடத்து இதன் கலங்கள் உள்ளீடற்றன போலத் தெளிந்து தோன்றுதலின் இப்பெயர் பெற்றது.

ஒட்சிசன் குறையுமிடத்து அதனைக் கலத்துக்கு உணர்த்தும் புரதமொன்று எமது உடற்கலங்களில் உண்டு. ஒட்சிசன் போதியளவு உள்ளபோது மற்றொரு காவற்புரதம் அதனை இனங்கண்டு அழிவுக்கு அனுப்பிவிடும். அக்காவற்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு 3ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது, 1993இற் கண்டறியப்பட்டது. தெளிகலப் புற்றிற் பெரும்பாலும் பழுதுறுவது இக்காவலே. அதனாற் குருதிப் பெருக்கின் நடுவே இருந்தும், ஒட்சிசனின்றித் தவிக்குங் கலம் போல அது நடந்துகொள்கின்றது. புதிய குருதிக்கலன்களை வரவழைக்கும் பதார்த்தங்களை ஓயாது சுரக்கின்றது. கலங்கள் ஒட்சிசனை உணரும் இம்முறையை விளக்கியமைக்காக வில்லியம் கெலின், பீற்றர் றற்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வாறு உணவு கொணர வந்த வழியே புற்றுக்கலம் வெளியேறும் வழியுமாகின்றது. இயல்பான கலங்கள் அயற்கலங்களோடு ஒட்டி நிற்பன. புற்றுக்கலமோ அப்பிணைப்பைத் தளர்த்தி, சூழ்ந்துள்ள இழையத்தை நொதியங்களாற் கரைத்து, மெலிந்த புதுக்கலன்களுட் புகுகின்றது. நிணநீர் வழியாகவும் சில செல்லும். சிலரிற் கட்டி சிறுநீரக நாளத்தினுள்ளே கொடிபோலப் படர்ந்து, கீழ்ப்பெருநாளத்தை அடைந்து, அரிதாக இதயத்தின் வலச் சோணையறை வரையும் எட்டுவதுண்டு.

குருதியிற் கலந்த புற்றுக்கலங்களுட் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. எஞ்சியவை இதயத்தின் வலப்பாகத்தைக் கடந்ததும் முதலிற் சந்திப்பது சுவாசப்பையின் நுண்ணிய மயிர்க்குழாய் வலையையே. சிறுநீரகப் புற்று மிகுதியாகச் சுவாசப்பையிற் பரவுவதற்கு இஃதொரு காரணமாகும். எனினும் ஓட்டத்தின் திசை மட்டும் அனைத்தையும் விளக்காது. மார்புப் புற்றால் இறந்த பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த ஸ்ரீவன் பாஜெற் எனும் ஆங்கில மருத்துவர், வித்து எங்கும் சிதறினும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்னுங் கருத்தை 1889இல் வெளியிட்டார். சிறுநீரகப் புற்றுக்கு என்பு, நிணநீர்க் கணு, ஈரல், மூளை என்பனவும் அத்தகைய நிலங்களாகின்றன.

விழுந்த வித்து உடனே முளைக்க வேண்டுமென்பதும் இல்லை. நோயுற்ற சிறுநீரகம் அகற்றப்பட்டுப் 10 ஆண்டுகளுக்கு மேல் நலமாக வாழ்ந்தோரிடத்தும் இந்நோய் மீளத் தோன்றியதுண்டு. ஆதலின், சத்திரசிகிச்சையின் பின்னர் மருத்துவர் விதிக்கும் காலாந்தரப் பரிசோதனையை நலமாயிருக்கிறோமென எண்ணிக் கைவிடல் தகாது.

பரவும் வழியை அறிந்ததன் பயனாகவே மருந்துகளும் பிறந்தன. புதுக்குருதிக்கலன்களின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் 2005 முதலாகவும், உடலின் நோயெதிர்ப்புக் கலங்களைத் தூண்டும் புதுவகை மருந்துகள் 2015 முதலாகவும் இந்நோய்க்கு வழங்கப்படுகின்றன. இவை பரவிய நோயுடையோர் பலரின் வாழ்நாளை நீட்டியுள்ளன. ஆயினும் நோய் சிறுநீரகத்தினுள் அடங்கியிருக்கும்போதே காணப்படின் முற்றாகக் குணமாகும் வாய்ப்பு மிகப் பெரிது.

இந்நோய் பெரும்பாலும் முதுமையை அணுகுவோரையே பற்றுவது. தொடக்கத்தில் நோவின்றி ஒளிந்திருப்பது. புகைத்தலும், மிகையான உடற்பருமனும், உயர் குருதியமுக்கமும் இதற்கு ஏதுவாவன. சிறுநீரில் நோவின்றி ஒருமுறை குருதி தோன்றி மறைந்தாலும், மறைந்துவிட்டதே என ஆறியிராது மருத்துவரை நாடுதல் வேண்டும். இம்மலரைக் கையிலேந்தும் எம் பழைய மாணவருள் நரை கண்டோர் பலராதலின், இதனைச் சிறப்பாக வற்புறுத்துகின்றோம்.