இருட்டைப் படம் பிடிக்கும் வித்தை

1850-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வுக் கூடத்தில், வில்லியம் பாண்ட் என்ற வானியல் அறிஞரும் ஜான் விப்பிள் என்ற புகைப்படக் கலைஞரும் சேர்ந்து, அங்கிருந்த பெரிய தூரதரிசினியின் வழியாக அபிஜித் நட்சத்திரத்தை வெள்ளி பூசிய தகட்டிலே பதித்தார்கள். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரம் படமானது அதுவே முதல் தடவை. அன்று ஒரே ஒரு புள்ளியைப் பெறுவதற்குச் சுமார் 100 வினாடி தகட்டைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. இன்று கல்லூரி மாணவர் ஒருவர் கையிலுள்ள காமிரா 20 வினாடியில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை வாங்கிக்கொள்கிறது. சாதனம் இவ்வளவு சுலபமாகிவிட்ட காலத்தில், இரவு வானத்தையும் கடற்கரையையும் சேர்த்துப் படமெடுக்க விரும்புகிறவர் முக்கியமாகப் பயில வேண்டியது ஆகாயத்தின் கதியையும் கடலின் போக்கையுமே என்பது என் துணிபு.

நம் கண்ணுக்கு ஒளியைச் சேர்த்து வைக்கும் சக்தி கிடையாது. ஒரு வினாடியின் சிறு பின்னத்துக்குள் வந்து சேரும் ஒளியைக் கொண்டு அது காட்சியை அமைத்துவிட்டு, உடனே அடுத்ததற்குப் போய்விடுகிறது. இருளில் இருபது முப்பது நிமிஷம் பழகிய பிறகு, விழித்திரையிலுள்ள கோல் வடிவ உயிரணுக்கள் மிக நுண்ணிய ஒளியையும் உணரும் திறம் பெறுகின்றன என்றாலும், அவற்றுக்கு வர்ண பேதம் தெரியாது. ஆகையினால்தான் ஆகாச கங்கை நமக்கு வெளிறிய சாம்பல் பட்டையாக மட்டுமே புலப்படுகிறது. காமிராவின் உணர்தகடோ, திறந்திருக்கும் நேரம் முழுவதும் தன்மேல் விழும் ஒளியையெல்லாம் கூட்டிக்கொண்டே போவதால், ஹைட்ரஜன் வாயு மேகங்களின் செந்நிறமும், முதிய நட்சத்திரங்களின் பொன்னிறமும், அவற்றை மறைத்து ஓடும் தூசிப் படலத்தின் கரிய கிளைகளும் அதில் துலக்கம் பெறுகின்றன. இவ்வகைப் படங்களைப் பார்த்து, நிறங்களெல்லாம் பிற்பாடு பூசப்பட்டவை என்று சந்தேகிப்போர் உண்டு. மிகையாகத் தீட்டுவோர் சிலர் இருக்கலாம். ஆயினும் அந்த நிறங்கள் வானத்தில் உண்மையாகவே உள்ளவை.

செய்முறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அகன்ற பார்வையுள்ள லென்ஸ், அதன் துவாரம் 2.8 என்ற எண்ணில், உணர்திறன் 1600 அல்லது 3200, அசையாத முக்காலி ஆகியவை வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக நில்லாமல் கோடாக இழுபடும். 500 என்ற எண்ணை லென்ஸின் குவிய தூரத்தால் வகுத்து வரும் வினாடிகளுக்குள் நிறுத்துவது பழக்கத்திலுள்ள விதி. முழு அளவு உணர்தகடுள்ள காமிராவில் 20 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது 25 வினாடி ஆகும். இருளில் தானியங்கிக் குவியம் பெரும்பாலும் தடுமாறும் என்பதால், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை லென்ஸைக் கையாலேயே திருப்ப வேண்டும். ஒரே காட்சியைப் 16 முறை எடுத்து, நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி கணினியில் சேர்த்தால், படத்தின் மணல்மணலான பிசிறு நாலில் ஒரு பங்காகக் குறையும்.

எங்கே நின்று எடுப்பது என்பதுதான் விரிவாகச் சொல்லத் தக்க விஷயம். தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும், 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, முன்பகுதியைக் கடலுக்குப் பறிகொடுத்த மாசிலாமணிநாதர் கோயிலும் அலையோரத்திலேயே நிற்கும் அந்த ஊர், ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரம் அங்கே அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்திலேயே நிற்கும். கீழ்த்திசையில் கடலிலிருந்து எழும் நட்சத்திரங்கள் சற்றே சாய்ந்து, ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். துருவத்தைச் சுற்றிப் பெரிய வட்டங்களை நடுவானில் வரைந்து காட்டும் ஐரோப்பியப் படங்களைப் பார்த்து அதையே நாமும் எடுக்க முயல்வது வீண் பிரயாசை. நமக்கு வாய்த்திருக்கும் செல்வம் தெற்கே இருக்கிறது. ஆகாச கங்கையின் மையம் லண்டன் நகரில் உச்சத்தை அடையும்போதும் அடிவானத்துக்கு மேல் 10 பாகைகூட எழாது. தரங்கம்பாடியிலோ அது 50 பாகை உயரம் வரை ஏறி வருகிறது. மார்ச் மாதப் பிற்பகுதியில், அந்தி வேளையில் தெற்கே அகத்திய நட்சத்திரமும், நள்ளிரவு கடந்ததும் திரிசங்கு என்னும் தென்சிலுவை நிமிர்ந்த நிலையிலும் தோன்ற, அதே நடுநிசியை ஒட்டித் தென்கிழக்கே கடலுக்கு மேலாக ஆகாச கங்கையின் மையம் எழத் தொடங்கி, பொழுது புலர்வதற்குள் தென்வானில் உயர்ந்து நிற்பதை ஒருவர் ஒரே இரவில் காணலாம்.

அந்த இரவு அமாவாசையை ஒட்டியதாக இருத்தல் வேண்டும். சந்திரன் இல்லாத அதே நாளில்தான், சந்திர சூரியர் இருவரின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்ந்து ஓதத்தையும் மிகுவிக்கிறது. இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவே என்றாலும், கருங்கற்களுக்கிடையே முக்காலியை ஊன்றி நிற்பவர் நீர் ஏறும் வேளையைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்துக் கேட்டறிந்து போவது அவசியம். அவ்வூர் மீனவர்களைவிட அதைத் துல்லியமாகச் சொல்ல வல்லார் இல்லை. தரை கடலைவிட விரைவில் குளிர்வதால், பின்னிரவில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். லென்ஸில் உப்புத் துளி படிவதும் அப்போது குறையும். இருபது வினாடியில் அலைகள் தம் உருவம் இழந்து வெண்பனி போலப் பரவிவிடும். அது அழகுதான், ஆயினும் கடலின் சீற்றத்தையும் காட்ட விரும்புகிறவர், உணர்திறனை உயர்த்தி, நேரத்தைக் குறைத்துத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது நலம்.

இத்தனைக்கும் குறுக்கே நிற்பது மின்னொளி. தெற்கே காரைக்காலின் விளக்கொளி அடிவானத்தில் மண்டி, தாழ்ந்து வரும் திரிசங்கு தோன்றும் திசையையே மங்கச் செய்கிறது. நட்டம் படமெடுப்போருக்கு மாத்திரமன்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரை சோழ மண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் ஏறி மணலில் முட்டையிடுகின்றன. 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சுகள், இருண்ட கரையைவிட வெளிச்சமாகத் தெரியும் கடலின் அடிவானத்தை அடையாளமாகக் கொண்டு நகர்பவை. கரையில் விளக்கு எரிந்தால் அவை அதை நோக்கித் திரும்பி, நீரை அடையாமலே மடிகின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, காமிராவோடு கரைக்குப் போகும் அன்பர்கள் காமிராவின் பளிச்சிடும் விளக்கை அறவே விலக்கி, வழி பார்க்க மங்கிய சிவப்பு விளக்கை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கடலோர ஊர்களில் வாழ்வோர், தெருவிளக்குகளின் ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி அமைக்கவும், கடலைப் பார்த்திருக்கும் விளக்குகளை ஜனவரி முதல் மே வரையிலாவது நள்ளிரவுக்கு மேல் அணைத்து வைக்கவும், தங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டும்.