பில் போடும் கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்?

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுபோனால், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே லினக்ஸ் இயக்குதளம் வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் எந்தப் பதிப்பு என்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

உபுண்டு ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் புதிதாக வருகிறது. இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதமே பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கொரு முறை வரும் எல்.டி.எஸ். பதிப்புக்கு 5 ஆண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனிலும் நிலைப் பதிப்பு தனி, சோதனைப் பதிப்பு தனி.

கல்லாவுக்கு நீண்டகாலப் பதிப்பே போதும் என்போம். புது மாடல் கம்ப்யூட்டர் அதில் ஓடாவிட்டால் மட்டும் புதியதைத் தேடலாம். ஏப்ரலில் வந்ததை வைகாசி முதல் தேதித் திருவிழாவுக்குள் கடையில் ஏற்றுவானேன்? முதல் திருத்தப் பதிப்பு ஆகஸ்டு வாக்கில் வரும். அதன்பின், தீபாவளிச் சரக்கு இறங்குமுன், கணக்கை நகல் எடுத்துக்கொண்டு மாற்றலாம்.