கித்தாக் காட்டுப் பாட்டும் சொல்லிசையும்

“இதெல்லாம் ஒரு பாட்டா? வாய் ஓயாமல் திட்டுவது மாதிரியல்லவா இருக்கிறது!”

பிள்ளைகள் சொல்லிசை கேட்கும்போது பெற்றோர் இப்படிச் சலித்துக்கொள்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த எனக்கு அந்தச் சலிப்பு வருவதில்லை. தாளம் தப்பாமல் திட்டும் கலையைச் சின்ன வயதிலேயே கித்தாக் காட்டில் கேட்டுவிட்டேன்.

என் அம்மாவும் அவர் வயதுப் பெண்களும் களை எடுக்கும்போது பாடுவார்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடுவார்கள். எல்லாம் அவர்களின் தாய்மாரிடம் கேட்ட பாட்டுகள். ஆசை காட்டிக் கப்பலேற்றிய கங்காணி அதில் வருவார். அட்டைக்கடி வரும். பிடித்தம் போகக் கைக்கு வந்த சம்பளக் கணக்கு வரும். காலைப் பெரட்டில் கிராணிக்கு முன்னால் வாய் திறக்காதவர்கள், நிரைக்குள் போனதும் அதே கிராணியைப் பாட்டில் நார்நாராகக் கிழிப்பார்கள்.

தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல்தான் உருவானது. அதை நெடுங்காலம் வழிநடத்திய பி.பி.நாராயணன், தம் தொழிற்சங்கப் பணியை நம் சிரம்பானில் தொடங்கியவர். சங்கம் மனு எழுதத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே தொழிலாளர் தம் குறைகளைப் பாட்டில் பதிந்து வைத்திருந்தார்கள்.

பிராங்ஸ் தந்த பாடம்

ஹிப் ஹாப் பிறந்த கதையும் இதற்கு வெகுதூரமில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்டு மாதம் டிஜே கூல் ஹெர்க் இசை வழங்கிய ஒரு விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, வேலையின்மையில் வாடிய பகுதி அது. முதலில் ஆட்டமும் கொண்டாட்டமுமாகவே இருந்த ராப், 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் ‘தி மெசேஜ்’ வந்தபோது ஏழைத் தெருவின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கியது. 1989-இல் பப்ளிக் எனிமி குழு அதிகாரத்தையே எதிர்த்துப் பாடியது. 2018-இல் கென்ட்ரிக் லாமாருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

நம் குரல்

நம் நாட்டில் ‘போயட்டிக் அம்மோ’ குழு 1998-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் என நான்கு மொழிகளும் இருந்தன. அக்குழுவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் ஆகியோருடன் சேர்ந்து 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைத் தந்தார். மலேசியத் தமிழரின் சொல்லிசையைத் தமிழ்நாடும் திரும்பிப் பார்த்தது. 2016-இல் வந்த ‘கபாலி’யில் கபிலன் எழுதிய பாட்டுக்கு ராப் வரிகளைத் தந்தவர் நம் ரோஷன் ஜாம்ராக்.

ஆனால் என் அம்மாவை நிமிர்ந்து உட்கார வைத்தது 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’தான். அதை எழுதிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லை என்ற வலி அந்தப் பாட்டின் அடியில் ஓடுகிறது. கேட்டு முடித்ததும், “இது நம்ம லயத்துப் பாட்டு மாதிரியே இருக்கே, இன்னொரு தடவை போடு” என்றார் அம்மா. அதே ஆண்டு இந்திய இசை இதழ் ஒன்றின் அட்டையில் அறிவின் படம் விடுபட்டதும், இயக்குநர் பா.ரஞ்சித் அதைக் கண்டித்ததும் பலருக்கு நினைவிருக்கும். உழைத்தவர் பெயர் விடுபடுவது தோட்ட மக்களுக்குப் பழகிப்போன கதை.

பாடப்படாத கதைகள்

சிரம்பானில் இருக்கும் என் அக்கா மகனும் சொல்லிசை எழுதுகிறான். அண்மையில் ஒரு பாட்டைக் காட்டினான். பாராங்கத்தி, பெரிய கார், கும்பலின் எண் என்று போனது அது. 2013-இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 குண்டர் கும்பல்களின் பட்டியலில் நம் இளைஞர்கள் எத்தனை பேர் சிக்கியிருந்தார்கள் என்பதை அறிந்தவர்கள், அந்த எண்ணைப் பெருமையாகக் கேட்க முடியாது.

“இதெல்லாம் நீ பார்த்ததாடா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா. எல்லாரும் இப்படித்தானே எழுதுறாங்க.”

“பாட்டியோட தோட்டம் இப்ப என்ன ஆச்சு தெரியுமா?”

தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் யாரும் சொல்லவில்லை. நெகிரி செம்பிலானில் கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். பிள்ளைகள் குறைந்த தமிழ்ப்பள்ளி, நிலம் கைமாறியதும் இடம் தேடி அலைந்த கோயில், இன்று நம் பழைய வேலையைச் செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. மாதச் சம்பளத்துக்காகத் தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடினார்கள். குறைந்தபட்ச சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக வந்தது. 2025-இல் அது 1,700 ரிங்கிட் ஆனது. இந்தக் கணக்கைத் தாளத்தில் வைத்துப் பாட ஒரு பிள்ளை போதும்.

மருமகன் இப்போது சனிக்கிழமைகளில் பாட்டியிடம் வந்து உட்காருகிறான். மங்கு, உளி, கோட்டுப்பால் என்ற சொற்களை எழுதிக்கொள்கிறான். பாட்டு இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் உழைத்த ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? பிள்ளைகளை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அந்தப் பாட்டுகள் அவர்களோடு போய்விட்டால், நம் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிய கோபம்தான் மிஞ்சும்.